மூத்தாள் உண்டா

ஜூன் 28, வெள்ளி

இந்த டைரி உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் உப்பு ஜாடிக்கு மூடியாக இருந்தது. இன்று துடைத்து எடுத்துக்கொண்டேன். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதினால் வரும்.

சாரல் பிடித்துவிட்டது. மேலச்சுனையில் சாரல் பிடித்தால்தான் பங்களாவுக்கு ஆள் வரும். ஊர் சின்னது. ஒரு தெரு, ஒரு டீக்கடை, ஒரு அம்மன் கோயில். தெரு முடிகிற இடத்தில் இரும்புக் கேட்டு. உள்ளே மலையடிவாரம் வரைக்கும் தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் பங்களா. ஜமீன் காலத்தில் சாரலை அனுபவிக்க மட்டும் கட்டியதாம். வெள்ளைத் தூண், வண்ணக் கண்ணாடி ஜன்னல், படிக்கு இரண்டு பக்கமும் கல் யானை. ஒரு யானைக்குத் தும்பிக்கை கிடையாது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வழியில் இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

அப்பா ஆவுடையப்பன் இங்கே தோட்டக்காரர். தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் நானும் அப்பாவும் இருக்கிறோம். வீடும் பங்களாவைச் சேர்ந்தது. அம்மா இறந்து இரண்டு வருடம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்பில் நின்றேன். பிறகு போகவில்லை.

மத்தியானம் நாச்சியாரம்மாவும் அவர்கள் மகனும் வந்தார்கள். மகனை எல்லோரும் சின்னவர் என்பார்கள். முதல் மனைவி சுகந்தியக்கா காமாலையில் இறந்தபிறகு இப்போது மதுரையில் பெண் பார்த்திருக்கிறார்களாம். ஆவணியில் கல்யாணம். நான் ஜாதிக்காய் மரத்தடியில் கூட்டிக்கொண்டிருந்தேன். நாச்சியாரம்மா காரிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்கள்.

"ஆவுடையப்பன் மகதானே நீ? பேரு என்ன?"

எனக்கு வரவில்லை. அவர்கள் போய்விடவில்லை. நின்றார்கள். நான் சொல்லி முடிக்கிறவரை நின்றார்கள்.

"செண்பகவடிவு."

"நல்ல பேரு" என்றார்கள்.

நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஜூலை 1, திங்கள்

வீட்டுக்குப் பின்னால் ரசகதலி வாழை ஒரு தார் பழுத்திருந்தது. நல்ல சீப்பாக ஒன்று எடுத்து, கழுவி, நாச்சியாரம்மாவுக்குக் கொண்டுபோனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. மகிழ்ச்சியில் போனேன்.

அவர்கள் தாமரைக்குளத்துப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார்கள். "தேனா இருக்கே, எங்க வாங்கின?" என்றார்கள்.

"எங்க வீட்டு மரம்மா."

"இந்த வாசனை எனக்குத் தெரியும். இது குளத்துக் கரையில நின்ன வாழைல்லா?"

ஆமாம் என்றேன். பங்களாக் கன்றுதான், அப்பா நாலு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார், அம்மா கடைசியில் இந்தப் பழம் மட்டும்தான் சாப்பிட்டாள் என்றும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

நாச்சியாரம்மா பாதிப் பழத்தைத் தட்டில் வைத்தார்கள். எழுந்து குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார்கள். மறுபடியும் மறுபடியும் கொப்பளித்தார்கள். பழத்தில் புழு இருந்திருக்குமோ. கேட்கக் கூச்சமாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் மண்வெட்டி இருந்தது. அதைச் சுவரில் சாத்திவைக்கப் போனார். அது விழுந்தது. மறுபடி சாத்தினார், மறுபடி விழுந்தது.

"பழத்தக் குடுத்த, சரி. எந்த மரம்னு எதுக்குட்டி சொன்ன?"

"கேட்டாங்கப்பா."

ஜூலை 2, செவ்வாய்

அப்பா சாப்பிடவில்லை. ஆப்பச் சட்டி அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

காலையில் பங்களாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் வாழையை எல்லாம் வெட்டினார்கள். குலை தள்ளியது, கன்று, எல்லாம். வெட்டியதோடு விடவில்லை. கடப்பாரை போட்டுக் கிழங்கைத் தோண்டினார்கள். சின்ன வேர் விடாமல் பொறுக்கி ஒரு குவியலாகப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஈர வாழை எரியுமா? புகைதான் வந்தது. மதியம் வரைக்கும் ஊற்றி ஊற்றி எரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து தோண்டினார். அவரைத் தோண்டச் சொன்னவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நோய் வந்திருக்கிறதா என்று கேட்டேன். "ஆமா, நோய்தான்" என்றார்.

குழியில் தண்ணீர் கட்டி நிற்கிறது.

ஜூலை 8, திங்கள்

இன்றிலிருந்து எனக்குப் பங்களாவுக்குள்ளேயே வேலை. நாச்சியாரம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். படுக்கையும் அங்கேயே, சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில். சமையல் செய்கிற மாடத்தி சித்தியும் அங்கேதான் படுப்பாள். அவள் குறட்டை விடுவாள் என்று அவளே முதலில் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி வடிவு, ஒனக்கு என்ன வேலைன்னு சொன்னாவளா?"

"விளக்கு துடைக்க."

"மூணு விளக்குக்கு ஒரு ஆளா? எனக்கு இருவது வருஷமா ஒரு ஆள் குடுக்கல."

வேலை உண்மையிலேயே குறைவுதான். மங்குஸ்தான் சாப்பிடக் கொடுக்கிறார்கள். காலையில் பால். வெயிலில் போகாதே, கறுத்துப்போவாய் என்கிறார்கள். சாரலில் வெயில் எங்கே இருக்கிறது?

ஹாலில் சுகந்தியக்கா படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. சுகந்தியக்கா ஒருமுறை எனக்குத் தலையில் மாட்டுகிற கிளிப் கொடுத்தாள். மீன் வடிவம். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

சாரல். துணி காயவில்லை. அப்பா வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஜோசியர் வந்தார். காதில் கடுக்கன் போட்டவர். நாச்சியாரம்மாவும் அவரும் வண்ணக் கண்ணாடி அறையில் வெகுநேரம் பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் பிறந்த நாள், நேரம் கேட்டார். நேரம் தெரியாது என்றேன். அப்பாவை வரவழைத்துக் கேட்டார்கள். அப்பா வாசலிலேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஜோசியர் விரலை மடக்கினார். "பதினாறு முடியுது. பரவால்ல, தேறும்" என்றார்.

நான் கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மரத்தைக் காட்டி ஒரு தரம் ஏமாத்தப் பாத்தாச்சு. இனி மரம் எடுபடாதும்மா."

எந்த மரம் என்று தெரியவில்லை. மாடத்தி சித்தியிடம் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னட்டி தெரியும், நான் அடுப்படிக்காரி" என்றாள். துருவிய தேங்காயையே மறுபடி துருவினாள்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். ஆனால் இன்று தையல்காரர் வந்து எனக்கு ரவிக்கை அளவு எடுத்தார். நகை செய்கிற தட்டானும் வந்தான். சின்ன டப்பாவில் மஞ்சள் துணி சுற்றி ஏதோ கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் நாச்சியாரம்மா என்னைக் குளத்துக்கரை மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். கல் தூணும் கூரையும் மட்டும் உள்ள மண்டபம். அந்தக் காலத்தில் பாட்டுக் கச்சேரி நடந்த இடமாம். என்னை நடுவில் நிற்கவைத்து, அவர்கள் குளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

"பிள்ளை, நான் ஒண்ணு கேப்பேன். நீ இல்லைன்னு சொல்லணும். அவ்வளவுதான். எனக்குக் கேக்கணும்."

"என்ன கேப்பீங்கம்மா?"

"அதப் பத்தி ஒனக்கு என்ன? இல்லைன்னு சொல்லு."

சொன்னேன்.

"கேக்கல."

சொன்னேன்.

"தவளை கத்துறது கேக்குது. ஒன் சத்தம் கேக்கல."

இருட்டுகிறவரை சொன்னேன். கடைசியில் ஒருமுறை கேட்டது. அவர்கள் சுற்றிவந்து என் தலையைத் தடவினார்கள். கை ஜில்லென்று இருந்தது. ஆடி அமாவாசை வரைக்கும் தினமும் சாயங்காலம் பழக வேண்டுமாம்.

அவர்கள் நல்லவர்கள். பள்ளிக்கூடத்தில் சத்தமாகச் சொல்லாவிட்டால் பெஞ்சில் ஏற்றுவார்கள்.

ஜூலை 20, சனி

காபி கொண்டுபோனேன். சின்னவர் படியில், தும்பிக்கை இல்லாத யானையின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்க மாட்டார். டம்ளரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"நீ ஏன் பள்ளிக்கூடம் போகல?"

சொன்னேன். கேட்டாரா தெரியவில்லை.

"உனக்கு வேற ஊர்ல யாராவது இருக்காங்களா? அத்தை, மாமா?"

"களக்காட்டுல அத்தை."

"இது முடிஞ்சதும் அங்க போயிரு. இங்க இருக்காதே." பிறகு, "ஒரு நிமிஷ வேலைதான். எனக்கும் இதில் இஷ்டம் இல்லை. அம்மா சொல்றாங்க" என்றார்.

எது முடிந்ததும் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் காபியில் எறும்பு மிதந்தது. அதைச் சொன்னேன். எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

ஜூலை 24, புதன்

இன்று மாடத்தி சித்தி சொல்லிவிட்டாள். நான் அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். மதியம், எல்லோரும் தூங்குகிற நேரம்.

சின்னவர் ஜாதகத்தில் முதல் தாரம் தங்காது என்று இருக்கிறதாம். அதனால் சுகந்தியக்காவைக் கட்டுவதற்கு முன்னால், குளத்துக்கரையில் நின்ற வாழைக்கு அவர் தாலி கட்டினார். பிறகு வாழையை வெட்டினார்கள். முதல் தாரம் செத்துவிட்டாள் என்று கணக்கு. வெட்டியது அப்பா. வெட்டின பிறகு ஜோசியர், "மூத்தாள் உண்டா?" என்று மூன்று தரம் கேட்பார். வேரோடு எடுத்தாகிவிட்டது என்பதற்கு வெட்டியவர், "இல்லை" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். அப்பா சொன்னாராம்.

"சொல்லிட்டு, நல்ல சாதிக் கன்னுன்னு பக்கக்கன்னைப் பேத்துட்டுப் போயி ஒங்க வீட்டுப் பின்னால வச்சிட்டாரு. அது நிக்குது, குலை தள்ளுது, நீங்க திங்கிய. மூத்தவ சாகல, அதனாலதான் சுகந்தி போயிட்டான்னு இப்ப ஜோசியரு கண்டுபிடிச்சிட்டாரு."

"சுகந்தியக்கா காமாலையிலதான சித்தி?"

"அத எங்கிட்ட எதுக்குட்டி கேக்க? நானா டாக்டரு?"

பிறகு, "அந்த மரத்துக்கும் அன்னைக்கு மஞ்சத் தேச்சு, பட்டு சுத்தி, பூ வச்சி, அம்புட்டு அலங்காரம். பால் மட்டும்தான் குடுக்கல" என்று சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டியா? நான் ஒண்ணுமே சொல்லல."

போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்து முடித்ததை எல்லாம் திரும்பவும் தேய்த்தேன். சாயங்காலம் மண்டபத்தில் "இல்லை" சொன்னேன். நன்றாகக் கேட்டதாம்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் கேட்டுக்கு ஓடிப் போனேன், அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. வாட்ச்மேன் திறக்கவில்லை. "அம்மா உத்தரவு இல்லாம விட முடியாது தாயி" என்றார். அப்பா உள்ளேதான், ரோஜாப் பாத்தியில் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து களை பிடுங்கினேன்.

"அமாவாசைக்கு என்னப்பா?"

அவர் பிடுங்கிக்கொண்டே இருந்தார். களையோடு ஒரு ரோஜாக் கன்றும் வந்துவிட்டது. அதை மறுபடி ஊன்றினார்.

"ஒண்ணும் ஆகாது. ஒரு கயிறு கட்டுவாவ. உடனே நான் அறுத்துருவேன். அப்புறம் ஒன்ன அத்தை வீட்டுல விட்டுருதேன்."

"அப்ப எதுக்கு நானு? இன்னொரு வாழை இல்லையா?"

அவருக்கு அழுகை வந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அம்மாவுக்கு மட்டும்தான். "ஒரு உசுரு என்னாலதான் போச்சுன்னு சொல்லுதாவ வடிவு. நாச்சியாரம்மா எங்கிட்ட கோபமாக்கூடப் பேசல. ஒன் வீட்டுலயும் ஒரு பொம்பளை போயிட்டா பாத்தியான்னு மட்டும் கேட்டாவ. அதுக்கு நான் என்ன சொல்ல?"

அப்பா நம்புகிறார். அம்மாவுக்குப் புற்று என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது நானும் அவரும்தான் இருந்தோம். இருந்தும் நம்புகிறார்.

நானும் கொஞ்சம் நம்புகிறேன். அதை இங்கே எழுதாமல் எங்கே எழுத? இதெல்லாம் பொய் என்று தோன்றும்போது பயம் இல்லை. சுகந்தியக்கா கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது ஞாபகம் வரும்போது பயமாக இருக்கிறது. ஆனால் அது உண்மையோ பொய்யோ, நாச்சியாரம்மா உண்மை என்றுதான் நினைக்கிறார்கள். முதலில் வருகிறவள் சாவாள் என்று நினைத்துக்கொண்டுதான் என்னை நல்ல பேரு என்றார்கள், பால் கொடுத்தார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

அலமாரியைத் துடைக்கச் சொன்னார்கள். அரக்குப் பட்டு, புது ரவிக்கை. அதற்குக் கீழே வெள்ளைச் சேலை ஒன்று. அதன் பக்கத்தில் பொட்டலமாக எள், தர்ப்பை. அமாவாசைக்கு இறந்தவர்களுக்குக் கொடுக்கிற சாமான்.

வெள்ளைச் சேலை என் உயரத்துக்கு வெட்டி ஓரம் அடித்திருந்தது.

ஜூலை 29, திங்கள்

நாச்சியாரம்மா என்னை அம்மன் கோயிலுக்கு அனுப்பினார்கள், மஞ்சள் அபிஷேகத்துக்கு. கூட மாடத்தி சித்தியும் வாட்ச்மேனும். மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவைப் பார்க்கிறேன். சாரலுக்கு எல்லாம் பச்சையாக இருந்தது.

டீக்கடைக்காரர், "என்ன வடிவு, பங்களாச் சாப்பாடு ஒத்துக்கிடுச்சு போல" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் பார்த்தேன். வாழை. தண்டில் லேசாகச் சிவப்புக் கோடு, இலைக் காம்பில் பொடி பூசினது மாதிரி வெள்ளை. எங்கள் வாழைதான். மாடத்தி சித்தி வீட்டு வாசலிலும் அதே. கோயில் கிணற்றடியிலும் அதே. பூசாரி வீட்டு வேலிக்கு மேலே குலையோடு சாய்ந்து, முட்டுக் கொடுத்து நின்றது.

அப்பா யார் கேட்டாலும் கன்று கொடுப்பார். வேண்டாம் என்றாலும் கொடுப்பார். நான்தான் சாக்கில் சுற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் ஓடிவருவேன். மறந்தே போயிருந்தேன்.

பூசாரி தட்டில் பழம் வைத்துக் கொடுத்தார். ரசகதலி. சாப்பிட்டேன். தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சாயங்காலப் பழக்கத்தில் நாச்சியாரம்மா மிகவும் சந்தோஷப்பட்டார்கள். "இப்பத்தான் பிள்ளைக்கு வாய் வந்திருக்கு" என்றார்கள். "ஒங்கப்பன் சொல்லு இனிச் செல்லாது. மொதல்ல அந்த வாழை இல்லைன்னு, அதோட பழத்தைத் தின்ன வாயே சொல்லணும். அதுக்குத்தான்."

ஜூலை 31, புதன், ஆடி அமாவாசை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு எழுதலாம் என்றால் நாளைக்கு எங்கே இருப்பேன் என்று தெரியவில்லை.

விடிந்ததும் மாடத்தி சித்தி எனக்கு மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தலை பின்னும்போது அவள் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது. பட்டு கனமாக இருந்தது.

மண்டபத்தில் வெளியாட்கள் யாரும் இல்லை. நாச்சியாரம்மா, ஜோசியர், சின்னவர், அப்பா. அப்பா வெட்டரிவாளோடு தூணோரம் நின்றார். அன்றைக்கு வாழையை வெட்டிய அதே அரிவாள். சின்னவர் பட்டு வேட்டியில் உட்கார்ந்து, தரையில் ஊர்ந்த மரவட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவர் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. வாழை உட்காராது அல்லவா.

தட்டில் மஞ்சள் கயிறு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை வாழை இலையால் மூடியிருந்தார்கள். காற்றில் இலை தூக்கியபோது வெள்ளைச் சேலை தெரிந்தது.

ஜோசியர் மந்திரம் சொன்னார். சாரல் உள்ளே அடித்தது, விளக்கு இரண்டு தரம் அணைந்து ஏற்றினார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"மூத்தாள் உண்டா?"

தொண்டை அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அடைத்துக்கொள்கிற மாதிரியே. குளத்தில் தவளை கத்தியது.

"கூச்சப்படுதா. இன்னொரு தரம் கேளுங்க" என்றார்கள் நாச்சியாரம்மா.

"மூத்தாள் உண்டா?"

"உண்டு" என்றேன்.

குளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். அவர்கள் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

ஜோசியர் நாச்சியாரம்மாவைப் பார்த்தார். நாச்சியாரம்மா என்னைப் பார்த்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "தப்பாச் சொல்லிட்ட பிள்ளை. இல்லைன்னு சொல்லு" என்றார்கள்.

"உண்டும்மா. டீக்கடைக்குப் பின்னால உண்டு. மாடத்தி சித்தி வீட்டு வாசல்ல உண்டு. கோயில் கிணத்தடியில உண்டு, பூசாரி வீட்டுல குலை தள்ளி நிக்குது. கீழத் தெருவுல தங்கையா மாமா வீட்டுலயும் இருக்கும். அவுக அக்காவக் கட்டிக்குடுத்த ஊருக்கும் கன்னு போயிருக்கு. நான்தாம்மா கொண்டுபோய்க் குடுத்தேன். முந்தாநாளுகூட நான் அந்தப் பழம் சாப்பிட்டேன்."

மூச்சு முட்டியது. ஆனாலும் சொல்லி முடித்தேன். இந்தத் தடவையும் அவர்கள் நான் முடிக்கிறவரை நின்றார்கள்.

"இது நிஜமா ஆவுடையப்பா?"

அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். முன்னே ஒரு தரம் மூன்று முறை சொன்னவர்தான். அவர் என்னைப் பார்த்தார். இந்த மாதம் முழுக்க அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"நிஜந்தாம்மா. நல்ல கன்னு. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன்."

அரிவாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஜோசியர் கயிறை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். "மூத்தவ இருக்கையில கட்டினா, கட்டுறவனுக்கே ஆகாது. நான் வாரேன்" என்று எழுந்தார். சின்னவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். ஏதோ சொல்வார் என்று பார்த்தேன். மரவட்டையை மிதித்துவிடாமல் காலை எடுத்து வைத்து, பங்களாவுக்குள் போய்விட்டார்.

நாச்சியாரம்மா கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து பட்டின் முந்தானையைச் சரிசெய்தார்கள். "அவுத்து வச்சிட்டுப் போ" என்றார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சாமான் ஒரு ஆட்டோவில் அடங்கிவிடும்.

காலையில் கடப்பாரையோடு ஆட்கள் தெருவில் இறங்கினார்கள், வீடு வீடாக வாழையைத் தோண்ட. கோயில் கிணற்றடியில் இருந்ததைத் தோண்டிவிட்டார்கள். டீக்கடைக்காரர் பயந்து தன் மரத்தைத் தானே வெட்டிக் கொடுத்தார். மாடத்தி சித்தி இன்று பங்களாவுக்கு வேலைக்குப் போகவில்லை. வாசலில் விளக்குமாறோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் மரத்துல எவன் கை வச்சாலும் இந்த மாறு பிஞ்சிரும். சோறாக்கத்தான் ஜமீனுக்கு வாக்கப்பட்டேன். வாழைக்கு இல்ல."

ஆட்கள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் கதவைத் திறக்கவில்லை.

உப்பு ஜாடிக்குப் பின்னால் மீன் கிளிப் கிடைத்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

களக்காடு. அத்தை வீடு. அப்பாவுக்கு வாழைத் தோட்டத்தில் வேலை. இங்கே பார்க்கிற பக்கமெல்லாம் வாழைதான். அப்பா தூக்கத்தில் "இல்லை இல்லை" என்று சொல்கிறார். எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறேன். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சளாக இல்லை. சாதாரணக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அத்தை தையல் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள். போகிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

சாயங்காலம் மாடத்தி சித்தி அப்பா போனுக்குக் கூப்பிட்டாள். அப்பா தோட்டத்தில் இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை, "எடுத்தாத்தான் என்ன, கடிச்சிரவா போகுது?" என்றாள். நான் போனில் பேசியதே இல்லை. எடுத்தேன்.

சித்தி பங்களாவுக்கே திரும்பிப் போய்விட்டாளாம். "வயிறு இருக்கேட்டி" என்றாள். சின்னவர் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பெண் வீட்டார் காரணம் கேட்டால் இன்னும் ஜாதகம் பார்க்கணும் என்று சொல்கிறார்களாம். தோட்டத்தில் புது ஆள் போட்டிருக்கிறார்கள். ரோஜாவெல்லாம் பட்டுவிட்டது.

"அப்புறம் வேலைக்கு ஒரு பிள்ளை வந்திருக்கு. மேல எஸ்டேட்டுல தேயிலை பறிக்கிறவங்க மவ. ஊர்ல யாரையும் தெரியாது. வாயே தொறக்க மாட்டேங்கா, ஒன்னய மாதிரியேதான்."

"அவளுக்கு என்ன வேலை சித்தி?"

"விளக்கு துடைக்க" என்றாள்.

"பால் குடுக்காங்களா?"

"ம்."

"சாயங்காலம் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களா?"

"நேத்துல இருந்து." பிறகு, "எனக்கு இதெல்லாம் எதுக்குட்டி? நான் அடுப்படிக்காரி" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. அவள் போன் பண்ணியது அப்பாவிடம் பேசுவதற்கு இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

"போனை அவட்ட குடுங்க சித்தி."

நடக்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் உருண்டது. சாரல் போய்விட்ட பிறகும் அங்கே தவளை கத்துகிறது, போனில் கேட்டது. யாரோ போனை வாங்கினார்கள். வெகுநேரம் மூச்சு மட்டும் வந்தது. எனக்கு அவசரம் இல்லை, காத்திருந்தேன்.

"யாரு?" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எம் பேரு செண்பகவடிவு" என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சத்தமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. "நான் சொல்றத முழுசாக் கேளு."